கணையப் புற்று: கீமோ முடிந்தது, ஸ்கேன் என்ன சொல்கிறது? – கதிரியக்க மருத்துவர் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு எட்டு சுற்று ஃபோல்ஃபிரினாக்ஸ் (பல மருந்து சேர்ந்த கீமோ) முடிந்தது. கட்டி 3.4 செ.மீ.யிலிருந்து 3.1 ஆகியிருக்கிறது. ரிப்போர்ட்டில் "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை". மருந்து வேலை செய்யவில்லையா டாக்டர்?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்தக் கட்டியில் பெரும்பகுதி நார்த்திசு. புற்றணு செத்தாலும் நார் கரையாது, சி.டி.யில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். 30 சதவீதம் சுருங்கினால்தான் 'பலன்' என்பது பொதுவான அளவுகோல். அந்தக் கோட்டைத் தொடாமலே முழுதாக வெட்டியெடுக்கப்பட்ட கட்டிகள் உண்டு. நான் முதலில் பார்ப்பது இரத்தக்குழாயை. குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் மேல் குடல்தமனியைக் கட்டி பாதிச் சுற்றுக்கு மேல், அதாவது 180 டிகிரிக்கு மேல், வளைத்திருந்ததா? இப்போது கட்டி விலகி, இடையில் கொழுப்பு தெரிகிறதா? நசுங்கிய சிரை விரிந்ததா? தமனியைச் சுற்றி மெல்லிய மங்கல் மட்டும் மிச்சமென்றால் அது தழும்பாக இருக்கலாம். கல்லீரலில் புதுப் புள்ளி இல்லை, இரத்தத்தில் பார்க்கும் புற்றுக் குறியீடான சி.ஏ. 19-9 நன்றாக இறங்கியிருக்கிறது என்றால் அறுவை மருத்துவரிடம் பேச இடமிருக்கிறது. போகும்போது கீமோவுக்கு முந்தைய சி.டி. படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். ரிப்போர்ட் தாள் போதாது.

கேள்வி: பெட் ஸ்கேன் எடுத்தால் தெளிவாகிவிடுமே?

பதில்: புற்றணு சர்க்கரையை உறிஞ்சி ஒளிரும் படம் அது; துணைக்கு உதவும். ஆனால் சர்க்கரை எகிறியிருந்தால் படம் ஏமாற்றும். கணைய அழற்சியும் ஒளிரும். இரத்தக்குழாய் விவகாரத்துக்கு சி.டி.தான்.

கேள்வி: நான் அறுவை மருத்துவர். நீங்கள் தழும்பு என்கிறீர்கள். திறந்தால் தமனியை ஒட்டிப் புற்றணு இருக்கிறதே?

பதில்: "இருக்கலாம்" என்றுதான் எழுதினேன். அங்கே கிள்ளியெடுத்த திசுவை உறையவைத்து, நோயாளி மேசையில் இருக்கும்போதே நோயியலாளர் பார்ப்பதுதான் தீர்ப்பு.

கேள்வி: அப்போது உங்கள் ரிப்போர்ட் எதற்கு?

பதில்: யாரைத் திறக்கவே கூடாது என்று சொல்ல! கூடவே ஒரு குறை: உங்கள் படிவத்தில் "ஃபாலோ அப்" என்று இரண்டே சொல். என்ன மருந்து, எத்தனை சுற்று என்று எழுதினால் நானும் துணிந்து எழுதுவேன்.

கேள்வி: அம்மாவுக்கு 2.9லிருந்து 2.8. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்ன பதிலேதான். ஒரு மில்லிமீட்டர் என்பது என் மவுஸ் நகர்ந்த தூரம்.

கேள்வி: சி.ஏ. 19-9 ஆரம்பத்திலிருந்தே நார்மல். நல்லதுதானே?

பதில்: சிலர் உடலில் அது சுரக்கவே சுரக்காது. அவர்களுக்கு அந்த எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. காமாலை இருந்தால் பொய்யாக ஏறும்.

கேள்வி: என்ன சாப்பிடலாம்?

பதில்: உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் அறுவை. கடைசி சி.டி. இரண்டு மாதத்துக்கு முந்தையது. போதுமா?

பதில்: போதாது. நான்கு வாரத்துக்குள் எடுத்தது வேண்டும். கணையத்துக்கென்றே எடுக்கும் முறையில், குழாய்கள் படத்தில் தெரிவதற்கான சாய மருந்து ஏற்றி சுமார் 45 நொடியில் ஒரு முறை, 70 நொடியில் இன்னொரு முறை. பழைய படங்கள்? மறக்காதீர்கள்.