கோல் போஸ்ட் கட்டிலும் எட்டு சவரனும்

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாமனார் கட்டிய வீட்டின் மாடியில் இருக்கிறோம். கணவருக்குத் துறைமுகம் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. நான் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 54,000. மகனுக்கு 9 வயது, கால்பந்து என்றால் உயிர். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துக்கு தினமும் காலையில் போகிறான். நாத்தனார் வீட்டில் பையனுக்கு கிரிக்கெட் அறை செய்து கொடுத்ததிலிருந்து இவனும் கால்பந்து அறை கேட்கிறான். கொழுந்தனாருக்கு இன்டீரியர் தொழில். 1,68,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்து, அட்வான்ஸும் கேட்கிறார். தீபாவளி போனஸ் 35,000-ஐ அதற்காக எடுத்து வைத்திருக்கிறோம். 2021 முதல் அடகில் இருக்கும் என் 8 சவரன் நகைக்கு, விலை ஏறிவிட்டதால், இப்போது 4,60,000 வரை தருவார்களாம். மறு அடகு வைத்தால் வட்டியையும் அதிலேயே கழித்துக்கொள்ளலாம், கைக்காசு போகாது. பிறகு மாதம் 4,600 வட்டிக்காக ஒதுக்கத் தயார். ஆனாலும் மனசு உறுத்துகிறது. செய்யலாமா? டிஜிட்டல் தங்கத்தில் மாதம் 2,000 போடுகிறோம், அதைத் தொடரலாமா?

பதில்: சகோதரி, கட்டில் பற்றி அப்புறம் பேசுவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வார்த்தை "கைக்காசு போகாது" என்பதுதான். நான்கு வருடமாக உங்கள் கைக்காசுதான் போய்க்கொண்டிருக்கிறது. ரசீதில் அது தெரியாதபடி போகிறது.

நீங்கள் அனுப்பிய ரசீதுகளை வைத்து ஒரு தோராயக் கணக்கு போட்டேன். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது வருடத்துக்கு 12% வட்டி. 2021-ல் மாமியாரின் மருத்துவச் செலவுக்கு வாங்கியது 1,20,000. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. 2022-ல் அந்தக் கடனை மூடி, அன்றைக்கே 1,60,000-க்குத் திரும்ப வைத்தீர்கள். கடன் கூடியது 40,000. வட்டி 14,400 போக, வீட்டுக்கு வந்தது 25,600. அடுத்த வருடம் 2,00,000 ஆக்கினீர்கள், கைக்கு வந்தது 20,800. அதற்கடுத்து 2,60,000, வந்தது 36,000. ஆக இதுவரை நீங்கள் கண்ணால் பார்த்த பணம் மொத்தமே 2,02,400. இன்று கடனை மூடப் போனால் இந்த வருட வட்டி 31,200-ஐயும் சேர்த்து 2,91,200 கட்ட வேண்டும். நடுவில் இருக்கும் 88,800-ம் வட்டி. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஒரு மோதிரம்கூட வீடு திரும்பவில்லை.

இப்போது 4,60,000 வாங்கினால் பழைய அசல், வட்டி போக மிஞ்சுவது 1,68,800. எஸ்டிமேட்டோ 1,68,000. இந்தப் பொருத்தம் தற்செயல் என்று நம்ப எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் நம் வீடுகளில் செலவுப் பட்டியலே தயாராகிறது.

அதன் பிறகு வருட வட்டி 55,200. உங்கள் ஒரு மாதக் குடும்ப வருமானத்தைவிட அதிகம். நகை விலை ஏறினால் ஏறுவது நகையின் மதிப்புதான். உங்கள் சம்பளம் ஏறவில்லை, கடனைக் கட்டப்போவது சம்பளம். விலை இறங்காது என்றும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2013 ஏப்ரலில் இரண்டே வர்த்தக நாட்களில் தங்கம் மளமளவென்று சரிந்தது. ஓரத்தில் இடமே விடாமல் முழுத் தொகையையும் வாங்கி வைத்திருப்பவர்களின் நகைதான் அப்படிப்பட்ட நேரத்தில் முதலில் மூழ்கும்.

ஆகவே மறு அடகு வேண்டாம். போனஸ் 35,000 கொழுந்தனாருக்கு அட்வான்ஸாகப் போகக் கூடாது. 31,200 வட்டியைக் கையிலிருந்து கட்டுங்கள். பிறகு 2,60,000 அசலைப் பொதுத்துறை வங்கிக்கு மாற்ற முடியுமா என்று நேரில் போய்க் கேளுங்கள். 9% சுமாருக்குக் கிடைத்தாலே வருடத்துக்கு 7,800 மிச்சம். வீட்டுக்கே வந்து எடை போட்டுக் கடன் தரும் ஆப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விளம்பரத்தில் தெரியும் வட்டி பெரும்பாலும் மாதாமாதம் தவறாமல் கட்டுகிறவர்களுக்கானது. இரண்டு மாதம் தவறினால் என்ன வட்டி என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வங்கியில் வைக்கும்போது ஒன்று செய்யுங்கள். எட்டு சவரனையும் ஒரே கடனாக வைக்காமல் ஆரம், வளையல், சின்ன உருப்படிகள் என்று மூன்று கடனாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரே சீட்டில் எல்லாம் இருந்தால் முழுசும் கட்டினால்தான் நகை கைக்கு வரும் என்ற மலைப்பிலேயே மறு அடகுக்குப் போய்விடுவோம். பிரித்து வைத்தால் முதல் வருடத்திலேயே வளையலாவது வீட்டுக்கு வரும். மாதம் 8,000 கட்டினால் 9% வட்டியில் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், எல்லாம் வந்துவிடும். 8,000-க்கு எங்கே போவது என்பீர்கள். வட்டிக்கு ஒதுக்கத் தயார் என்று நீங்களே எழுதிய 4,600, டிஜிட்டல் தங்கத்துக்குப் போகும் 2,000. இன்னும் 1,400 தான் தேட வேண்டும்.

சரி, அந்த டிஜிட்டல் தங்கம். சொந்த நகையை 12% வட்டிக்கு அடகில் விட்டுவிட்டு, போனில் 3% ஜி.எஸ்.டி. கட்டித் துளித் துளியாகத் தங்கம் சேர்ப்பதை என்னவென்று சொல்வது? அது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டுப்பாட்டில் வரும் பொருளும் இல்லை. நிறுத்துங்கள். சேர்ந்திருக்கும் 14,000-ஐ விற்றுவிடுங்கள். அறைக்கு அதுதான் பட்ஜெட்.

எஸ்டிமேட்டைப் பார்த்தேன். கோல் போஸ்ட் வடிவக் கட்டில் 62,000, ஃபால்ஸ் சீலிங் 38,000, வால்பேப்பர் 24,000, அலமாரி 20,000, எல்.இ.டி. விளக்குகள் 15,000, தரைக்குச் செயற்கைப் புல் 9,000. மாடி அறையின் வடக்குச் சுவரில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுவரில் ஒட்டிய வால்பேப்பர் எத்தனை கார்த்திகை தாங்கும்? செயற்கைப் புல்லில் புழுதி சேரும். அதைக் கூட்டப்போவது யார் என்று உங்களுக்கே தெரியும். 9 வயதில் கேட்கும் கட்டிலில் 14 வயதில் படுக்கக் கூச்சப்படுவான்.

ஓதத்தை முதலில் சரி பார்த்துவிட்டு, ஒரே ஒரு சுவருக்குப் பச்சை அடியுங்கள். டேப் ஒட்டி வெள்ளைக் கோடு இழுத்தால் நடு வட்டம் வந்துவிடும். நிஜ கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அதாவது மூன்றுக்கு ஒன்று. சுவரில் 6 அடிக்கு 2 அடி வரைந்தால் அளவு பிசகாத கோல். வலைக்குக் கடைக்கு அலைய வேண்டாம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒதுக்கிப் போட்ட பழைய வலையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, நன்றாக அலசி வெயிலில் காயப்போட்டு மாட்டுங்கள். நாற்றம் போக நாலு நாள் ஆகும், போய்விடும். பெயிண்ட், கூலி எல்லாம் 14,000-க்குள் அடங்கும். கோடு இழுக்கும் வேலையைப் பையனிடமே விடுங்கள், கோணலாகப் போனாலும் பரவாயில்லை.

கொழுந்தனாரிடம் என்ன சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். "பணம் இல்லை" என்று சொல்லாதீர்கள். தவணையில் கொடுங்கள் அண்ணி என்பார், திரும்பவும் மாட்டிக்கொள்வீர்கள். "இந்த வருடம் நகையை மீட்கிறோம்" என்று சொல்லுங்கள். நம் வீடுகளில் யாரும் எதிர்த்துப் பேச முடியாத காரணம் அது ஒன்றுதான். மாமியாரே உங்கள் பக்கம் வந்துவிடுவார். சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல. சுவர் வேலையை வேண்டுமானால் கொழுந்தனாரிடமே கொடுங்கள், கூலியைப் பேசிவிட்டு.

போனஸில் வட்டி போக 3,800 மிஞ்சும். பையன் கிழிந்த ஷூவோடு மைதானத்துக்குப் போகிறான் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைகளுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வயதுக்கு 4-ம் நம்பர் பந்து போதும். ஷூவை மட்டும், வளர்ந்துவிடுவான் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். பந்து காலில் நிற்காது.