போன் ஒன்பது மணிக்கு வருகிறது

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

நான் காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் இருக்கிறேன். வயது 51. கணவருக்கு மதுரையில் வியாபாரம். சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கள் காலையில் கிளம்பிவிடுவார். மூத்தவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் நானும் மாமியாரும்தான். இளையவள், என் மகள், போன மார்ச்சில் எம்.எஸ். படிக்க ஜெர்மனி போனாள். கெம்னிட்ஸ் என்று ஓர் ஊர். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு டாண் என்று போன் வரும். தீபாவளி முடிந்த கையோடு அது ஒன்பது மணியாகிவிட்டது. கேட்டால், "இங்கே மணி மாறிடுச்சும்மா" என்கிறாள். மணி எப்படி மாறும்? மனசுதான் மாறும். மாமியார் எட்டரைக்குப் படுத்துவிடுவார். பேத்தியோடு பேசவில்லை என்று காலையில் கோபமெல்லாம் என்மேல்தான்.

சாப்பாடும் சரியில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் திறக்காதாம். அது தெரிந்தும் சனிக்கிழமை வாங்கி வைக்க மறந்துவிட்டாள். பால் இல்லை, ரொட்டி இல்லை. கிடந்த ரவையைக் கிண்டி, பக்கத்து அறை வியட்நாம் பெண்ணுக்கும் துருக்கிப் பெண்ணுக்கும் கொடுத்துத் தானும் தின்றாளாம். அதைப் பெருமையாகச் சொல்கிறாள். இன்னொரு நாள் ரசத்துக்குத் தாளித்த புகையில் அலாரம் அலறி, மாடியிலிருந்தவர்களெல்லாம் இறங்கி வந்துவிட்டார்களாம். இது ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குத் தேவையா?

வேலைக்கு வேறு போகிறாள். ஒரு பெரிய கடையில் விடியற்காலையில் சாமான் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை. எங்கள் குடும்பம் கடை வைத்துப் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்த குடும்பம். அதோடு விட்டாளா? காலிப் பாட்டில்களைச் சேர்த்து வைத்து மூட்டையாகக் கொண்டுபோய்க் கடையில் போட்டுக் காசு வாங்குகிறாள். அந்தக் காசில் அரிசி வாங்கினேன் என்று படம் அனுப்பினாள். நான் அதைத் தெரியாத்தனமாக என் நாத்தனாருக்குக் காட்ட, "என்ன அண்ணமிண்டி, பாட்டில் பொறுக்குதாக்கும்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

பெரிய கூத்து சாவிதான். அங்கே கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். குப்பை போட வெறும் காலுறையோடு வெளியே வந்திருக்கிறாள், கதவு சாத்திக்கொண்டது. சாவியும் போனும் உள்ளே. குளிரில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவளை மேல்வீட்டுக் கிழவி கூட்டிப்போய், கம்பளி போர்த்தி, டீயும் கேக்கும் கொடுத்து வைத்திருக்கிறாள். அதுவரைக்கும் குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டாள் என்று துண்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த அதே கிழவி! இதைச் சொல்லும்போது மகள் சிரித்த சிரிப்பில் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. இங்கே இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அது கிடக்கட்டும். "அந்தக் கிழவி மட்டும் வீட்டில் இல்லாவிட்டால் என்னடி ஆகியிருக்கும்?" என்று கேட்டேன். "சரிம்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். அக்கறையில் கேட்டது தப்பா?

அதிலிருந்து எதையும் முழுசாகச் சொல்வதில்லை. "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்", அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், வாட்ஸ்அப்பில் அவள் கடைசியாக எப்போது வந்தாள் என்று பார்ப்பேன். இப்போது அதையும் மறைத்து வைத்துவிட்டாள். பிள்ளையார் நோன்புக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து, மாவில் வைத்த நூல் திரியை ஏற்றிச் சுடரோடு இழை எடுத்துக்கொண்டார்களாம். ஆவாரம்பூ இல்லை, பெரியவர்கள் இல்லை. மறுபடியும் அலாரம் அடித்துவிடும் என்று பயந்து அந்தக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தார்களாம். என்ன நோன்பு அது?

நான் அவளைத் தறுதலையாக வளர்க்கவில்லை. நடுமுற்றமான வளவைச் சுற்றிப் பங்காளிகள் இருக்கிற வீடு. சின்னப் பிள்ளையில் சத்தமாகப் பேசுவாள். "மெல்ல, வளவில் கேட்கும்" என்று சொல்லிச் சொல்லித்தான் அடக்கமாக வளர்த்தேன். "ஆம்பிளைப் பிள்ளை போனால் சம்பாத்தியம், பொம்பிளைப் பிள்ளை போனால் பேச்சு" என்று மாமியார் அப்போதே சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

செப்டம்பரில் வருகிறாள். வேலையை விடச் சொல்லட்டுமா? படிப்பு முடிந்ததும் திரும்பி வந்துவிட வேண்டும் என்று இப்போதே கறாராகச் சொல்லிவிடட்டுமா? எட்டு மணிக்கே பேச வைப்பது எப்படி?

இப்படிக்கு,
பள்ளத்தூர் வாசகி

*

அன்புள்ள ஆச்சி,

மணி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் மகள் சொன்னது நிஜம். ஜெர்மனியில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அதைத் திரும்பப் பின்னால் வைப்பார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அவள் அன்றும் இன்றும் அங்கே மாலை நாலரை மணிக்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறாள். மார்ச் முடியும்போது போன் தானாகவே எட்டு மணிக்கு வரும். அதுவரைக்கும் அப்பத்தாவுக்காகக் கொஞ்சம் முன்னாடியே கூப்பிட முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் கூப்பிடப்போகிறாள்.

பாட்டிலும் அப்படித்தான். அங்கே தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே 25 சென்ட் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். காலிப் பாட்டிலைக் கடையில் உள்ள மெஷினில் போட்டால் சீட்டு வரும், அந்தத் தொகையை பில்லில் கழித்துக்கொள்ளலாம். ஆபீஸ் போகிறவர், பென்ஷன் வாங்குகிறவர் எல்லோரும் பை நிறைய பாட்டிலோடு வரிசையில் நிற்பார்கள். உங்கள் மகள் தான் கொடுத்த காசைத் திரும்ப வாங்குகிறாள். இதை நாத்தனாருக்குச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷம் போதும்.

வேலை பார்ப்பது வயிற்றுக்கு இல்லாமல் என்று நினைக்காதீர்கள். மாணவர் விசாவுக்கு ஒரு வருஷச் செலவாக 11,904 யூரோ, நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல், முன்கூட்டியே கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போகிறார்கள். நீங்களும் கட்டியிருப்பீர்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோ அவள் கைக்கு வரும். வெளிநாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாது என்று சட்டமே இருக்கிறது.

கௌரவம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். இரங்கூனுக்கும் பினாங்குக்கும் வியாபாரம் செய்ய, கொண்டுவிக்கப் போனவர்கள் எல்லோரும் முதலாளியாகவா கப்பல் ஏறினார்கள்? மீசை முளைக்காத பையன்கள் பெட்டியடிப் பையனாகப் போனார்கள். அடுத்தவர் கடையில் கூட்டிப் பெருக்கினார்கள், எடுபிடி வேலை செய்தார்கள், பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் படித்தார்கள். அதற்கப்புறம்தான் அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக உயர்ந்ததெல்லாம். மூன்று வருஷக் கணக்கு முடிகிற வரைக்கும் வீட்டு முகம் பார்க்க முடியாது. அந்தப் பையன்களின் உழைப்பில் எழும்பிய வீடுகளில்தான் இன்றைக்கு நாம் குடியிருக்கிறோம். அவர்கள் பெட்டி தூக்கியது பெருமை, உங்கள் மகள் பெட்டி அடுக்குவது அவமானம் என்றால், அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. மாமியார் சொன்ன 'பேச்சு' இங்கேதான் தொடங்குகிறது. அதை நீங்களும் எடுத்துப் பேசுகிறீர்கள்.

சரி. இதற்காக நீங்கள் கடிதம் எழுதவில்லை. இவையெல்லாம் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை. அவள் சொல்லியும் இருப்பாள்.

சாவிக் கதைக்கு நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு, "அது கிடக்கட்டும்" என்று தாண்டிப் போய்விட்டீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்துக் கேட்டதே இல்லை என்ற அந்த வரியை என்னால் கிடக்கட்டும் என்று விட முடியவில்லை. உங்களை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புவது பாலும் ரொட்டியும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆச்சி. அந்தச் சிரிப்புதான். நாம் பெற்று, வளர்த்து, பார்த்துப் பார்த்துச் செய்த பிள்ளை, நாம் இல்லாத இடத்தில் போய் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாளே, அப்படியானால் இங்கே இருந்தபோது சந்தோஷமாக இல்லையா? இதுதானே உள்ளே குடைகிறது? பெற்ற தாய்க்கு வரக்கூடாத நினைப்பு என்று நீங்களே பயந்து, அதன்மேல் பால், பாட்டில், அலாரம் என்று எடுத்துப் போட்டு மூடியிருக்கிறீர்கள். வரக்கூடாத நினைப்பு ஒன்றுமில்லை. பிள்ளையை வெளியூர் அனுப்பிவிட்டு என்னிடம் வருகிற அம்மாக்கள் பலர் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து அழுகிறார்கள்.

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். அவள் இங்கே துக்கப்பட்டுக்கொண்டு இருந்தாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அடங்கி இருந்தாள். அதை நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்: "மெல்ல, வளவில் கேட்கும்." சத்தமாகப் பேசுகிற சுபாவமுள்ள பிள்ளையிடம் வருஷக்கணக்காக அதைச் சொன்னால், அது சிரிப்பையும் சேர்த்துத்தான் அடக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் உங்களுக்கும் இதையே சொல்லியிருப்பார்கள். அதனால் உங்களுக்கு அது ஒரு கண்டிப்பு என்றே தோன்றியிருக்காது. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம்தான்.

அவள் சொன்ன கதைகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லாமே தப்பாகிப்போன கதைகள். பால் வாங்க மறந்தது, தாளிப்பில் அலாரம் அடித்தது, காலுறையோடு வெளியில் மாட்டிக்கொண்டது. இங்கே இப்படி ஒன்று நடந்திருந்தால் முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும்? யார் பார்த்தார்கள், யார் காதில் விழுந்தது? அங்கே மாட்டிக்கொண்டால், சீட்டு ஒட்டிய கிழவியே கம்பளி போர்த்துகிறாள். தப்பு நடந்தது, சரியானது, முடிந்தது. மறுநாள் வகுப்புக்குப் போய்விட்டாள். அந்த நிம்மதியில் வருகிற சிரிப்பு அது.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை. அதை உங்களிடம்தானே சொல்லிச் சிரித்தாள்? அந்த ஊரில் தோழிகள் இருக்கிறார்கள், பெங்களூரில் அண்ணன் இருக்கிறான். இருந்தும், காலுறையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கதையை அம்மாவிடம் கொண்டுவந்திருக்கிறாள். வளவில் யார் காதிலும் விழாத தூரத்துக்குப் போனபிறகு, முதல் தடவையாக உங்களிடம் வாய்விட்டுச் சிரித்தாள். அதை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்ட சிரிப்பாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உங்களுக்கென்று வந்த சிரிப்பாகத்தான் தெரிகிறது. அதற்கு நீங்கள் கொடுத்த பதில், "அந்தக் கிழவி இல்லாவிட்டால்?" அக்கறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அவள் காதில் பழைய "மெல்ல" மாதிரியே விழுந்திருக்கும். "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்று சுருங்கிப்போனது அதற்கப்புறம்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நோன்பையும் சொல்லிவிடுகிறேன். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, கோடி வேட்டியில் நூல் பிரித்து, 21 இழை சேர்த்துத் திரித்து, மாவு பிசைந்து, ஏற்றி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே யார் அவளுக்குச் சொன்னார்கள்? யார் கட்டாயப்படுத்தினார்கள்? ஜன்னலைத் திறந்துபோட்டு, அந்தக் குளிர்காற்றில் சுடர் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் எடுத்திருப்பார்கள். ஆவாரம்பூ இல்லாததுதான் உங்கள் கண்ணில் பட்டது. எனக்கு உங்கள் வளர்ப்பு தெரிந்தது.

திரும்பி வருவாளா என்று கேட்டால், அந்த உறுதியை நான் கொடுக்க முடியாது, நீங்களும் வாங்க முடியாது. படிப்பு முடிந்ததும் அவள் முடிவெடுப்பாள். இப்போதே கறாராகப் பேசினால், அந்த முடிவும் உங்களுக்குக் கடைசியில்தான் தெரியவரும். வேலையை விடச் சொல்லவும் வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். அந்த மேல்வீட்டுப் பாட்டி எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அவள் சொல்லச் சொல்ல, "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். முதலில் அவளுக்கே சந்தேகமாக இருக்கும், ஒரு வரியில் முடிக்கப் பார்ப்பாள். விடாதீர்கள். பயமுறுத்துகிற கேள்வி வாய்வரைக்கும் வரும், அதை மட்டும் அன்றைக்கு அடக்கிக்கொள்ளுங்கள். "நம் வீட்டில் ஏன் இப்படிச் சிரிக்கவில்லை?" என்று போனில் கேட்டுவிடாதீர்கள். செப்டம்பரில் நேரில் இருக்கும்போது, அதுவும் அவளாகப் பேச்செடுத்தால், பேசலாம். வாட்ஸ்அப்பில் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அவள் மறைத்து வைத்தது சரிதான்.

தூக்கம் இல்லாதது மட்டும் எனக்குக் கவலையாக இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், அவ்வளவு பெரிய வீட்டில் நீங்களும் மாமியாரும் மட்டும் இருக்கிறீர்கள். இதை மகளுடைய போன் ஒன்றே சரிசெய்துவிடாது. ஒரு மாதம் பாருங்கள். அப்போதும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் காரைக்குடிக்கு நேரில் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் கணவரையும் கூட்டி வாருங்கள். அவரிடமும் நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.