முத்தம் கொடு, போட்டோ எடுக்கணும்

வணக்கம் அக்கா,

என் மூத்தவளுக்கு மூன்றரை வயது. தம்பி பிறந்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது மறுபடியும் படுக்கையை நனைக்கிறாள், பால் புட்டி கேட்கிறாள். நேற்று உறவினர்கள் முன்னால், “பாப்பாவை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துடலாம்” என்று சொல்லி மானத்தை வாங்கிவிட்டாள். போட்டோ எடுக்கத் தம்பிக்கு முத்தம் கொடுக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தம்பி மேல் பாசம் வர என்ன செய்யலாம்? தம்பி கொடுத்ததாகச் சொல்லி ஒரு பரிசு வாங்கித் தரலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பரிசு கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. ஆறு வாரக் குழந்தை கடைக்குப் போகாது என்று மூன்றரை வயதுக்குத் தெரியும். படுக்கை நனைவது, புட்டி கேட்பது எல்லாம் இந்த நேரத்தில் சகஜம், பெரும்பாலும் தானாகப் போய்விடும். திட்டாமல் துணியை மாற்றுங்கள். காய்ச்சலோ, சிறுநீர் போகும்போது வலியோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டு வேறு அறைக்குப் போகாதீர்கள். அவ்வளவுதான்.

மூத்த பிள்ளையை அரியணை இழந்த ராஜா என்றார் உளவியல் அறிஞர் ஆல்ஃபிரட் ஆட்லர். அவரே வீட்டில் இரண்டாவது பிள்ளை என்பது வேறு விஷயம்.

எனக்குக் கோபம் வந்தது அந்த முத்தத்தைப் படித்தபோதுதான். உறவினர்களை உட்காரவைத்து, போனைத் தூக்கிப் பிடித்து, ஒரு குழந்தையைப் பாசமாக நடிக்கச் சொல்கிறீர்கள். வராத முத்தத்தை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? அலுவலகத்தில் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து உங்கள் நாற்காலியில் உட்காரவைத்து, “கட்டிப் பிடி, சிரி” என்றால் நீங்கள் சிரிப்பீர்களா? இவள் பாவம், திருப்பிக் கொடுத்துடலாம் என்று நாகரிகமாக ஒரு யோசனைதான் சொன்னாள். அதில் போய் என்ன மானம்?

என் தங்கை பிறந்தபோது எடுத்த போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது. மடியில் அவள், நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் யாரோ ஒரு பெரியவரின் விரல்கள். என் பின்கழுத்தை அழுத்திய விரல்கள் அவை. அந்த நாளில் வேறெதுவும் நினைவில்லை, அந்த அழுத்தம் மட்டும் இருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் “அப்பவே எவ்வளவு பாசம்!” என்பார்கள்.

பாசம் வந்தது வேறு வழியில். சித்தி ஒருத்தி இருந்தாள். தங்கை அழுதால் என்னைக் கூப்பிடுவாள். “ஏன்டி அழறா? பசியா, தூக்கமா? நீயே பார்த்துச் சொல்லு.” நான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வேன், அவள் அதையும் முகம் கோணாமல் கேட்டுக்கொள்வாள். பிடிக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இங்கிலாந்தில் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 40 குடும்பங்களில் இதையே கவனித்து 1982-இல் எழுதினார்கள். புதுக் குழந்தைக்கு என்ன வேண்டும், அது என்ன நினைக்கிறது என்று மூத்ததோடு பேசிய வீடுகளில், பிற்பாடு மூத்த பிள்ளைகள் அதனிடம் கூடுதல் நட்போடு நடந்துகொண்டார்கள். சித்தி இதையெல்லாம் படித்தவள் இல்லை.

நீங்களும் அதைச் செய்யுங்கள். அப்புறம், தம்பி தூங்கும்போது மகளோடு கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள், போனை வேறெங்காவது வைத்துவிட்டு. அடுத்த முறை யாராவது “தம்பிக்கு ஒரு முத்தம் கொடு பார்ப்போம்” என்று ஆரம்பித்தால், அவள் வாய் திறக்கும் முன் நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சங்கடமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள், திட்டு எனக்கு வரட்டும்.