சீலிங் ஓரத்தில் மட்டும் ஈரம்: மூன்றாவது கோட் வேண்டாம்

மூன்றாவது கோட் அடிக்காதீர்கள். மொட்டைமாடியில் இரண்டு கோட் வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தும் மழைக்கு மழை ஹால் சீலிங்கின் ஓரம் மட்டும் ஊறுகிறது என்றால், தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் மொட்டைமாடியின் நடுவில் இல்லை. கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையில்.

கான்கிரீட்டும் செங்கல் சுவரும் வெயிலில் ஒரே அளவு விரியாது. மூலையில் மயிரிழை விரிசல் விழும். மேலே அடித்த பெயின்ட் படலமும் அதோடு கிழியும். எத்தனை கோட் அடித்தாலும் கதை இதுதான்.

மழையில்லாத நாளில் சோதியுங்கள். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிக் களிமண் வரப்பு கட்டி, வரப்புக்கு உள்ளே, தளத்தின் நடுப்பக்கம் மட்டும், ஒரு அங்குலம் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கி வையுங்கள். சீலிங் ஊறவில்லையா? வரப்பை உடைத்து, மழைநீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து, தண்ணீரை மூலை வரை விடுங்கள். இப்போது ஊறினால் மூலைதான்.

1. மூலையை அரை அங்குல ஆழத்துக்கு 'வி' வடிவில் கொத்தி, தூசி போகக் கழுவுங்கள்.
2. பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைத்து, மேலே இரண்டு அங்குலத்துக்குச் சரிவாகப் பூசுங்கள்.
3. நன்றாகக் காய்ந்தபின் ஃபைபர் வலை பதித்து, சுவரில் ஒரு அடி, தளத்தில் ஒரு அடி வாட்டர்புரூஃப் கோட்டிங்.

சீலிங்கில் துருக்கறை தெரிந்தாலோ, தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்டாலோ தண்ணீர் தேக்கும் இந்தச் சோதனையே வேண்டாம். 100 சதுர அடியில் ஒரு அங்குலத் தண்ணீரே சுமார் 235 கிலோ. முதலில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் நிலையை ஒரு சிவில் இன்ஜினியர் பார்க்கட்டும்.