பனிப்புயல்ல கார் நின்னுட்டா டிக்கில என்ன இருக்கணும்?

கேள்வி: கோயம்புத்தூர்லருந்து கனடா வந்து இது எங்களுக்கு முதல் விண்டர். செகண்ட் ஹேண்ட்ல 2014 கொரோலா வாங்கியிருக்கேன். டிசம்பர் கடைசில குழந்தைங்களோட ஸ்கார்பரோலருந்து ஆட்டவா போறோம். கடைல விக்கிற எமர்ஜென்சி கிட் வாங்கி டிக்கில போட்டா போதுமா?

போதாதுங்க. அந்த கிட்ல ஜம்பர் கேபிள், டார்ச், முக்கோண ரிஃப்ளெக்டர்னு நாலஞ்சு சாமான் இருக்கும், இருந்துட்டுப் போகட்டும், ஆனா நீங்க போற 401 ஹைவேல பனிப்புயல்ல மாட்டினா காரை இழுத்துட்டுப் போற டோ ட்ரக் வர்ற வரைக்கும் உள்ளயே உக்காந்திருக்கணும், அது ரெண்டு மணி நேரமும் ஆகலாம் ராத்திரி முழுக்கவும் ஆகலாம். 2022 ஜனவரில அமெரிக்கால வர்ஜீனியா பக்கம் ஐ-95 ஹைவே பனில அடைச்சுக்கிட்டப்ப செனட்டர் டிம் கெய்ன் கூட 27 மணி நேரம் கார்லயே கிடந்தார். அதனால ஒரு ராத்திரி தங்கற மாதிரி பேக் பண்ணுங்க. ஆளுக்கு ஒரு கம்பளி, குல்லா, கிளவுஸ், மாத்து சாக்ஸ், ஸ்னோ பூட்ஸ். முறுக்கு, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் எல்லாம் தாராளமா ஆகும். தண்ணி பாட்டில்ல முக்கால்வாசிதான் ரொப்பணும், உறைஞ்சா விரியும். பவர் பேங்க் குளிர்ல சீக்கிரம் படுத்துடும், ஜாக்கெட் உள்பாக்கெட்ல வச்சுக்கோங்க.

உயிர் போற விஷயம் ஒண்ணு இருக்கு. ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விட்டு உக்காந்திருப்போம், வெளிய பனி கொட்டி சைலன்சர் வாயை மூடிடும், கார்பன் மோனாக்சைடு உள்ள வந்துடும், அதுக்கு வாசனையே கிடையாது, தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும். அதனால ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இறங்கிப் போய் சைலன்சரைச் சுத்தி பனியை வழிச்சு விடுங்க, மணிக்கு ஒரு 10 நிமிஷம் மட்டும் இன்ஜினை ஓட விடுங்க, ஓடும்போது காத்து அடிக்காத பக்கத்துக் கண்ணாடிய ஒரு விரக்கடை இறக்கி வைங்க. இப்படி இன்ஜினை ஓட விடணும்னா பெட்ரோல் வேணும், டேங்க் பாதிக்குக் கீழ போக விடாதீங்க. வழி தெரியாம காரை விட்டு நடந்து மட்டும் போயிடாதீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி பேட்டரி. மேல சிசிஏன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், மைனஸ் 18 டிகிரில 30 செகண்ட் எவ்ளோ கரண்ட் தள்ளும்ங்கற கணக்கு அது. பேட்டரி பழசுன்னா அந்த நம்பர் அளவுக்கு வராது, நாலு வருஷம் தாண்டியிருந்தா கடைல குடுத்து டெஸ்ட் பண்ணிடுங்க. சார்ஜ் இறங்கின பேட்டரி உறைஞ்சும் போகும், பக்கவாட்டுல வீங்கியிருந்தா ஜம்பர் கேபிள் பக்கமே போகாதீங்க, வெடிக்கலாம்.

டயர் விஷயத்துல வாதமே வேண்டாம், விண்டர் டயர் போடுங்க. நீங்க இருக்கற ஒன்டாரியோ மாகாணத்துல கட்டாயம் இல்லதான், ஆனா 7 டிகிரிக்குக் கீழ சாதாரணமா வர்ற ஆல் சீசன் டயரோட ரப்பர் இறுகிடும், அதுவுமில்லாம விண்டர் டயருக்கு இன்சூரன்ஸ்ல கொஞ்சம் குறைப்பாங்க. கண்ணாடி துடைக்கிற வாஷர்ல ஊர்ல மாதிரி பைப் தண்ணி ஊத்திடாதீங்க, மைனஸ் 40ன்னு போட்ட லிக்விட்தான்.

சக்கரம் சுத்திக்கிட்டே நின்னா முன் டயருக்கு அடில தூவ ஒரு பை மணலோ பூனை கக்கா போறதுக்குப் போடற லிட்டர்ங்கற மண்ணோ வச்சுக்கோங்க. சின்ன ஷவலையும் பனி தள்ற பிரஷையும் டிக்கில போடாம பின் சீட்டுக்குக் கீழ வைங்க, டிக்கி மூடி உறைஞ்சு ஒட்டிக்கிட்டா திறக்காது. உறைஞ்ச கதவு லாக்ல பனியை உருக்கற ஸ்ப்ரேயை மட்டும் கோட் பாக்கெட்ல வைங்க, நிறைய பேர் அதைக் காருக்குள்ள வச்சுப் பூட்டிட்டு வெளிய நிப்பாங்க.