சோலைக்கிளி: மலைக்கு மலை வேறு பறவை (கேள்வி பதில்)

சென்ற வாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்கிளி பற்றி எழுதியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கோவை: இது எந்த வகைக் கிளி?

கிளி இல்லை. மலையாளத்தில் சிறு பறவை எல்லாமே கிளிதான். இது ஈப்பிடிப்பான் குடும்பம். சோலைக்காட்டின், அதாவது உயர்மலை மடிப்புகளில் இருக்கும் பசுமைக்காட்டின் இருட்டில், தரையோரமாகப் பூச்சி தேடும். 2017இல் இதற்கு ஷோலிகோலா என்று பேரினப் பெயர் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த குழுவின் அறிவியல் பெயர்) வைத்தார்கள். சோலையில் வசிப்பது என்று பொருள். முன்பாதி நம் சொல்.

கொடைக்கானல்: உதகையில் பார்த்ததற்கு விலாப்பக்கம் செம்பழுப்பு. எங்கள் ஊரில் சாம்பல் நீலம். ஆண், பெண் வித்தியாசமா?

ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்கள் பார்த்தது இரண்டு இனங்கள். நடுவில் பாலக்காட்டுக் கணவாய், முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம். மலைக்குளிரை விட்டு இறங்காத பறவைக்கு அந்த வெப்பமான தாழ்நிலம் கடல் மாதிரி. வடக்கே இருப்பது நீலகிரி சோலைக்கிளி, தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது இனம். அதைத் தனி இனமாக விவரித்ததும் 2017இல்தான்.

சேலம்: குரல் பதிவை எந்தச் செயலியில் போட்டால் பறவை வெளியே வரும்?

போடாதீர்கள். தன் இடத்துக்கு இன்னொரு சோலைக்கிளி வந்துவிட்டதென்று கூட்டை விட்டுவிட்டு வரும்.

திருநெல்வேலி: அகத்தியமலைப் பறவையும் கொடைக்கானல் பறவையும் பார்க்க ஒன்றுபோல்தானே? கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்கு எதற்குத் தனிப் பெயர்?

நல்ல கேள்வி. பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் வேலையில் உதவியபோது இந்தப் பறவையைக் கையில் பிடித்திருக்கிறேன். நெற்றியில் மெல்லிய வெண்கோடு, உள்ளங்கையில் படபடக்கும் நெஞ்சு. இறக்கைக்கு அடியில் உள்ள ரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும், வெளித்தோற்றம் சொல்லாததை அதிலுள்ள மரபணு சொல்லிவிடும். இரண்டு கூட்டமும் நெடுங்காலமாகக் கலக்கவே இல்லை. பாட்டும் வேறு. சிரிப்பான்கள் என்ற வேறு மலைப்பறவைகளையும் பாருங்கள். அவற்றிலும் மலைக்கு மலை வேறு இனம். பழனிச் சிரிப்பானுக்கு வெண்புருவம் கண்ணைத் தாண்டி நீளும். அகத்தியமலைச் சிரிப்பானுக்குக் குட்டையாக நின்றுவிடும். இரண்டு குலங்களையும் அதே கணவாய்கள்தான் வெட்டியிருக்கின்றன. மூன்றையும் ஒரே இனமாக எண்ணினால் கூட்டுத்தொகை பெரிதாகத் தெரியும், ஒரு மலையில் அற்றுப்போவது கண்ணில் படாது.

அதே அன்பர்: அப்படியானால் ஆனைமலைப் பறவைகளைப் பிடித்து அகத்தியமலையில் விட்டு எண்ணிக்கையைக் கூட்டலாமே?

கூடாது. அது இயற்கை பிரித்த பழைய பிரிவு. கலந்துவிட்டால் அகத்தியமலைப் பறவை என்று ஒன்று மிஞ்சாது. ஒட்டவேண்டிய பிரிவு வேறு இருக்கிறது. ஆனைமலை, மூணாறு, பழனி மலைகளில் தேயிலையும் வெளிநாட்டுச் சீகை (வாட்டில்) மரங்களும் சோலைகளைத் துண்டாக்கியது கடந்த ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில்தான். அந்தத் துண்டுகளுக்குள் இருக்கும் வெண்வயிற்றுச் சோலைக்கிளிகளின் மரபணுவிலும் பாட்டிலும் அதற்குள் வேறுபாடு தெரிகிறது. இது நாம் செய்த பிரிவு. சோலைகளை மறுபடி இணைத்தால் பறவைகள் தாமே போய்வரும், பிடித்துக்கொண்டுபோக வேண்டியதில்லை.

நாமக்கல்: இணைக்க வேண்டுமென்றால் நடுவில் உள்ள புல்வெளியில் மரம் நடலாமா?

வேண்டாம். உச்சிப் புல்வெளி தரிசு இல்லை. சோலை போலவே அதுவும் அந்த மலையின் சொந்தம். சோலை இருந்து அழிந்த இடத்தில் மட்டும் சோலை மரங்கள் நடுங்கள்.

மதுரை: இந்தக் கிளியை வீட்டில் வளர்க்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். எந்தக் காட்டுப் பறவையையும் பிடித்து வளர்ப்பது குற்றம்.

திருச்சி: கூட்டின் படமும் இடமும் அனுப்பினால் போடுவீர்களா?

மாட்டேன். குரல் பதிவுக்குச் சொன்னதுதான் இதற்கும். கூட்டை விட்டு விலகி நில்லுங்கள்.

வால்பாறை: எஸ்டேட் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சின்னச் சோலைத் துண்டு. விடியற்காலையில் இந்தப் பறவை பாடுவதாக நினைக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

அடிச்செடிகளை வெட்டவிடாதீர்கள், சருகைக் கூட்ட விடாதீர்கள்; அதன் சாப்பாடு அங்கேதான் கிடக்கிறது. பாடும் தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அப்புறம், உங்கள் சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவில் ஓடை இருந்தால் அதன் கரைமரங்களைப் பார்த்து எழுதுங்கள். எங்கே அறுந்திருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.