டிக்கெட் டெல்லிக்குத்தான், ஆனா டூர் ஆரம்பிக்கிறது ரங்கூன்ல

கேள்வி: அக்கா, வணக்கம். நான் பர்மாவுல மோல்மீன்ல இருக்கேன், ஸ்கூல் வேலை. ஜனவரி முதல் வாரத்துல அப்பாவ கூட்டிக்கிட்டு நாலு நாள் டெல்லி போறேன். அப்பாவுக்கு 76 வயசு, முட்டி வலி உண்டு. தாத்தா நேதாஜி படையில இருந்தவரு, "டெல்லி சலோ", டெல்லிக்குப் போவோம்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாராம், ஆனா டெல்லிய கண்ணால பாக்கல. அதனால அப்பாவுக்கு செங்கோட்டைய ஒரு தடவ பாத்துடணும். நான் நெட்டுல தேடி 17 இடம் லிஸ்ட் போட்டிருக்கேன், ஆக்ராவும் அதுல இருக்கு. ரெண்டு பேருக்குமே இதுதான் முதல் வெளிநாடு, இந்தி தெரியாது, கொஞ்சம் பயமாவும் இருக்கு. எங்கருந்து ஆரம்பிக்கறது?
— மோல்மீன் வாசகி

பதில்: தங்கச்சி, உங்க லிஸ்ட்ட ரெண்டு தடவ படிச்சேன். 17 இடம், நாலு நாள், அதுல வந்து இறங்குற நாளும் கிளம்புற நாளும் போச்சுன்னா மிச்சம் ரெண்டு சொச்சம், கூட முட்டி வலிக்காரர் ஒருத்தர். இது டூர் இல்ல, தண்டனை. கோவிச்சுக்காதீங்க, நானும் முதல் தடவ போனப்ப இப்படித்தான் ஒரு நோட்டு நிறைய எழுதிட்டுப் போனேன், போய் நின்னது ஒரு திங்கக்கிழமை, செங்கோட்டைக்குத் திங்கக்கிழமை லீவு. பூட்டின கேட்ட பாத்துட்டு கச்சோரி தின்னுட்டுத் திரும்பினேன். அதனால முதல் வேலை, காலண்டர எடுத்து திங்கக்கிழமை எங்க வருதுன்னு பாருங்க, தாஜ் மஹாலுக்கு வெள்ளிக்கிழமை லீவு, அதையும் குறிச்சுக்கோங்க.

டெல்லி ஒரு ஊரு இல்ல. ஏழு ஊருன்னு சொல்லுவாங்க, ஒரு ராஜா கட்டுவான், அடுத்தவன் வந்து பக்கத்துல இன்னொண்ணு கட்டுவான், கடைசியா வெள்ளக்காரன் 1911ல கல்கத்தாவுல இருந்து தலைநகர இங்க மாத்துறேன்னு அறிவிச்சிட்டு அவன் பங்குக்கு ஒரு புது டெல்லிய 1931ல திறந்து வச்சான். எல்லாத்தையும் பாக்கணும்னு கிளம்புனா எதையும் பாக்க மாட்டீங்க. ஒரு நூலப் புடிச்சிட்டுப் போங்க, உங்க கையில அந்த நூல் ஏற்கனவே இருக்கு, தாத்தா கொடுத்துட்டுப் போயிருக்காரு.

மோல்மீன்ல இருந்து ரங்கூன் வந்துதானே ப்ளைட் ஏறணும், ஒரு நாள் முன்னாடியே வந்துடுங்க. ஷ்வேடகன் பகோடா பக்கத்துல ஜிவாகா தெருவுல பகதூர் ஷா ஜஃபர் தர்கா இருக்கு, கடைசி மொகலாய ராஜா, வெள்ளக்காரன் டெல்லியில இருந்து இங்க நாடு கடத்துனவரு. ரங்கூன்லயே பொறந்து வளந்த நம்ம ஆளுங்க எத்தன பேரு அதத் தாண்டி பஸ்ஸுல போயிருப்பாங்க, உள்ள போனதில்ல. மேல மூணு சமாதி, ஆனா நிஜக் கல்லறை கீழ, படிக்கட்டு எறங்கிப் போகணும். 1862 நவம்பர் 7ந்தேதி காலையில செத்தாரு, அன்னைக்கு சாயந்தரத்துக்குள்ளயே பொதைச்சி, இடமே தெரியாம மேல புல்லு போட்டுட்டாங்க வெள்ளக்காரங்க. 1991ல சாக்கடை தோண்டுறப்பதான் அந்தக் கல்லறை அகப்பட்டுது. அப்பாவால எறங்க முடியலன்னா மேலயே உக்காரட்டும், பரவால்ல. ஆனா அவர்கிட்ட இத சொல்லுங்க: கல்லறை சரியா எங்கன்னு யாருக்கும் தெரியாத காலத்துலயே, 1943 செப்டம்பர்ல, நேதாஜி மேல இருக்குற இந்த நினைவு சமாதிக்கு வந்து ஐ.என்.ஏ. (அவரோட இந்திய தேசிய ராணுவம்) அணிவகுப்பு நடத்துனாரு. உங்க தாத்தா அந்த வரிசையில நின்னாரோ என்னமோ. டெல்லி சலோன்னு அவங்க சொன்னது இந்தக் கிழவர் விட்டுட்டு வந்த ஊருக்குத்தான்.

(நம்ம மண்டலே ராஜா திபாவ வெள்ளக்காரன் இந்தியாவுல ரத்னகிரிக்குக் கொண்டு போய் வச்சான், டெல்லியில இருந்த ஜஃபர இங்க கொண்டாந்து வச்சான். சரக்கு மாத்துற மாதிரி ராஜாவ மாத்தியிருக்கான் பாருங்க.)

இப்ப செங்கோட்டை. இதுக்கு ஒரு முழுப் பகல் கொடுங்க, வேற எதையும் அன்னைக்கு சேக்காதீங்க. மெட்ரோவுல வயலட் லைன்ல லால் கிலான்னே ஸ்டேஷன் இருக்கு. 1639ல ஷாஜஹான் ஆரம்பிச்சி 1648ல முடிச்ச கோட்டை, லாகோரி கேட் வழியா உள்ள போனா முதல்ல கூரை போட்ட ஒரு கடைத்தெரு, வளையல் பை பொம்மைன்னு, அங்கயே அரை மணி நேரம் போயிடும், போகட்டும், ஆனா எதுவும் வாங்காதீங்க, வெல கூட. அதத் தாண்டி ரொம்ப நடக்கணும். சக்கர நாற்காலி கெடைக்குமான்னு கேட்டில கேட்டுடுங்க, அப்பா வேணாம்பாரு, நீங்க கேளுங்க. கடைசியில திவானி காஸ், வெள்ளப் பளிங்கு மண்டபம், மயிலாசனம் இருந்த எடம். 1857 சிப்பாய்க் கலகம் அடங்குனப்புறம், 1858 ஜனவரி 27ந்தேதி அதே மண்டபத்துல வச்சித்தான் ஜஃபர விசாரிக்க ஆரம்பிச்சாங்க, சொந்த வீட்டுக் கூடத்துல கைதியா உக்காந்திருந்தாரு 82 வயசுக் கிழவர், அங்கருந்துதான் ரங்கூனுக்கு அனுப்புனாங்க.

அப்புறம் 1945 நவம்பர்ல அதே கோட்டைக்குள்ள ஐ.என்.ஏ. ஆபீசருங்க மேல கேஸ். ஷா நவாஸ் கான், பிரேம் சகல், குர்பக்ஷ் சிங் தில்லான், ஒரு முஸ்லிம் ஒரு இந்து ஒரு சீக்கியர், மூணு பேரையும் சேத்து நிறுத்துனது வெள்ளக்காரன் பண்ணுன பெரிய தப்பு, நாடே கொந்தளிச்சிடுச்சி. புலாபாய் தேசாய் வாதாடுனாரு, நேருவே பழைய வக்கீல் அங்கிய எடுத்து மாட்டிக்கிட்டு வந்து உக்காந்தாரு. ஆயுள் தண்டனைன்னு தீர்ப்பு வந்துச்சி, ஆனா 1946 ஜனவரி ஆரம்பத்துலயே விட்டுட்டாங்க. நீங்க போறதும் ஜனவரி முதல் வாரம்தான்.

அந்தப் பழைய பட்டாளக் கட்டடத்துல 2019ல நேதாஜிக்கும் ஐ.என்.ஏ.வுக்கும் ஒரு மியூசியம் திறந்தாங்க, அவரோட நாற்காலி, வாளு, படைக்காரங்க சீருடை, பதக்கம் எல்லாம் கண்ணாடிக்குள்ள இருக்கு. நான் அந்த யூனிபார்ம் முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். எங்க பெரியப்பா தொப்பி ஒண்ணு பெட்டிக்குள்ள கெடந்து பூச்சி அரிச்சி, பெரியம்மா ஒரு பொங்கலுக்கு வீடு கழுவுறப்ப தூக்கிப் போட்டுட்டாங்க, அதே மாதிரி தொப்பி அங்க லைட்டுக்குக் கீழ உக்காந்திருந்துச்சி. அப்பா அங்க நிக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க, போட்டோ எடுக்குறேன்னு தொந்தரவு பண்ணாதீங்க.

மறுநாள் ஹுமாயூன் சமாதி. தாஜ் மஹாலுக்கு அக்கா மாதிரி, அதுக்கு முன்னாடி கட்டுனது, தோட்டம் நல்லாருக்கும், வெயில்ல உக்காரலாம். 1857 செப்டம்பர்ல ஜஃபர் ஒளிஞ்சிருந்து புடிபட்டது இங்கதான். சாயந்தரம் இந்தியா கேட், அங்க ஒரு கல் மண்டபத்துல முன்னாடி ஜார்ஜ் ராஜா சிலை இருந்துச்சி, 1968ல எடுத்துட்டாங்க, பல வருஷம் காலியாவே நின்னுச்சி, 2022 செப்டம்பர்ல அதே மண்டபத்துல நேதாஜி சிலை வச்சாங்க, 28 அடி கறுப்புக் கல்லு. லைட் போட்ட பொறவு பாருங்க. குடியரசு தினம் நெருங்க நெருங்க அந்தப் பக்கம் ரோடெல்லாம் அடைப்பாங்க, அதனால முதல் வாரம் நீங்க போறது நல்லதுதான்.

மூணாவது நாளு தெம்பு இருந்தா மெஹ்ரௌலி. எல்லாரும் குதுப் மினார் பாக்கப் போவாங்க, பாருங்க, 72.5 மீட்டர், கழுத்து வலிக்கும். ஆனா அங்கருந்து கொஞ்சம் உள்ள தெருவுக்குள்ள ஜஃபர் மஹல்னு ஒரு இடிஞ்ச அரண்மனை இருக்கு, பக்கத்துல சின்ன மசூதி, ஒட்டி ஒரு பளிங்கு அடைப்பு, அதுக்குள்ள அவரோட அப்பா அக்பர் ஷா, தாத்தா ஷா ஆலம் கல்லறையெல்லாம் இருக்கு, நடுவுல ஒரு ஆள் படுக்குற அளவுக்கு எடம் காலி. தனக்குன்னு அவர் பாத்து வச்ச எடம். ரங்கூன்ல அந்தப் படிக்கட்டு எறங்கிட்டு வந்தவங்களுக்குத்தான் அந்தக் காலி எடம் புரியும், மத்தவங்களுக்கு அது வெறும் தரை.

ஆக்ராவ இந்தத் தடவ விட்டுடுங்க. ஜனவரியில மூடுபனி, காலையில தாஜ் மஹால் முன்னாடி நின்னாலும் தாஜ் மஹால் தெரியாது, ரயிலு மணிக்கணக்கா லேட்டாகும். அப்பா பிடிவாதம் புடிச்சா அது வேற கதை.

காசு விஷயம். நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஒரு லாபம் இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது. மியன்மா பிம்ஸ்டெக் நாடு, அதான் வங்காள விரிகுடாவ ஒட்டுன நாடுங்க சேந்து வச்ச கூட்டமைப்பு, அதனால தொல்லியல் துறை இடங்கள்ல இந்தியாக்காரங்க ரேட்டுதான் நமக்கும். ஹுமாயூன் சமாதிக்கு வெளிநாட்டுக்காரருக்கு 600 ரூபா, நமக்கு 40. கவுண்டர்ல இருக்குறவரு பாஸ்போர்ட் கலர பாத்துட்டு "பாரினர்"ன்னு 600 கேப்பாரு, நீங்க அசராம "பிம்ஸ்டெக், மியன்மா"ன்னு சொல்லி ரேட் போர்டக் காட்டுங்க, அதுலயே எழுதியிருக்கும். பாஸ்போர்ட் ஒரிஜினல் கையில இருக்கணும். நம்ம பர்மா காச அங்க யாரும் மாத்த மாட்டாங்க, டாலர் கொண்டு போங்க, மடிப்பு இல்லாத நோட்டு, அத நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அங்க டீக்கடையில கூட போன்ல ஸ்கேன் பண்ணித்தான் காசு கொடுக்குறாங்க, நமக்கு அது சுலபமில்ல, அதனால சில்லறையா ரூபா வச்சுக்கோங்க. ஈ-விசா போடுறப்ப அட்ரஸ் கடைசியில கவ் டாட் இன் (gov.in) அப்படின்னு முடியுதான்னு பாருங்க, அதே மாதிரி மொகம் வச்ச தனியார் பக்கங்க நெறைய, கூட காசு புடுங்குவாங்க.

ஏமாத்துறவங்கள பத்தியும் சொல்லிடுறேன். புது டெல்லி ஸ்டேஷன் வாசல்ல கழுத்துல அட்டை மாட்டுன ஒருத்தன் எங்கிட்ட, வெளிநாட்டுக்காரங்க டிக்கெட் ஆபீஸ மூடிட்டாங்க மேடம்னு சொல்லி, பாசமா ஆட்டோ புடிச்சிக் கொடுத்து ஒரு டூர் ஆபீசுக்கு அனுப்பிட்டான், அங்க ஒரு டிக்கெட்டுக்கு மூணு டிக்கெட் காசு கொடுத்துட்டு வந்தேன். ஆபீஸ் மூடவே இல்ல, ஸ்டேஷன் முதல் மாடியில, பகாட்கஞ்ச் பக்கம், திறந்துதான் இருந்துச்சி. "மூடிட்டாங்க", "எரிஞ்சி போச்சு", "உங்க ஹோட்டல்ல கலவரம்", இந்த மூணுல எத யாரு சொன்னாலும் காது கேக்காத மாதிரி நடங்க.

ரோடு கடக்குறப்ப உயிர் பயம் நெஜமாவே உண்டு. நம்ம ஊர்ல வண்டி வலது பக்கம் ஓடும், அங்க இடது பக்கம், அதனால நம்ம பழக்கத்துக்கு இடது பக்கம் திரும்பிப் பாத்துட்டுக் கால வச்சா வலது பக்கத்துல இருந்து பஸ் வரும். ரங்கூன்ல மோட்டார் சைக்கிள் இல்லாம பழகுனவங்கள விட மோல்மீன்காரங்க நீங்க கொஞ்சம் தேறுவீங்க. மெட்ரோவுல முதல் பெட்டி பொம்பளைங்களுக்கு மட்டும், அப்பாவ அதுல ஏத்தாதீங்க, அபராதம் போடுவாங்க, பொதுப் பெட்டியில வயசானவங்க சீட்டு இருக்கு, கேட்டா எழுந்திரிப்பாங்க. உள்ள போறப்ப செக்கிங்ல ஆம்பளைக்குத் தனி வரிசை, பொம்பளைக்குத் தனி வரிசை, அந்த அஞ்சு நிமிஷம் அப்பா தனியாயிடுவாரு. அந்தப் பக்கம் வந்ததும் பை வர்ற மெஷின் பக்கத்துலயே நில்லுங்கப்பான்னு முன்னாடியே சொல்லி வைங்க, ஹோட்டல் அட்ரஸ ஒரு சீட்டுல எழுதி சட்டைப் பையில போட்டுடுங்க.

இந்தி வரலன்னு கவலப்படாதீங்க. தமிழ் காதுல விழணும்னா ஒரு சாயந்தரம் ஆர்.கே. புரம் மலை மந்திர் போங்க, சாமிநாதன் கோயில், "யாமிருக்க பயமேன்"னு மேல தமிழ்ல எழுதி வச்சிருக்கும், சுத்தி நிக்கிறவங்க தமிழ்ல பொடலங்கா வெல பேசிக்கிட்டு இருப்பாங்க. படி ஏறணும், முட்டிய பாத்துக்கோங்க. பர்மாவுல இருந்து வர்றோம்னு சொல்லிப் பாருங்க, யாராவது ஒரு பெரியவர் எங்க தாத்தாவும் ரங்கூன்தான்னு ஆரம்பிப்பாரு, நேரம் போறதே தெரியாது.

சாப்பாடு நீங்க பாத்துப்பீங்க. ஒண்ணே ஒண்ணு, சாந்தினி சௌக் பக்கம் குளிர் காலத்துல மட்டும் தவுலத் கி சாட்னு விப்பாங்க, பால கடைஞ்சி எடுத்த நுரை, மேல குங்குமப்பூ, வாயில வச்சா காத்த தின்ன மாதிரி இருக்கும், பல்லு இல்லாதவங்களுக்கும் ஆகும். மத்தியானம் ஆச்சுன்னா தீந்துடும்.

குளுரு. மோல்மீன் மார்கழி குளுர வச்சி கணக்குப் போடாதீங்க, அங்க ராத்திரி அஞ்சாறு டிகிரிக்கு எறங்கும், லுங்கிக்குள்ள காத்து பூந்தா அப்பா அவ்ளோதான், பேண்ட் போடச் சொல்லுங்க. புகையும் சேந்து வரும், மாஸ்க் வேணும். பழைய டெல்லி ஜும்மா மசூதிக்குப் போனீங்கன்னா செருப்பக் கழட்டணும், அந்தக் கல்லு ஐஸ் மாதிரி இருக்கும். ஷ்வேடகன்ல சாக்ஸ் கூட கூடாதுன்னு பழகி அங்கயும் வெறுங்காலோட நிக்காதீங்க, சாக்ஸோட போகலாம். கம்பளி சாக்ஸ், அப்பாவுக்கு ரெண்டு ஜோடி, ஒரு சைஸ் பெருசா வாங்குங்க.